படகு ஒழுகாதிருக்க

கண்டி மாநகரத்தையும் படகையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்போர் சிலரே. மலைகளும் தேயிலைத் தோட்டங்களும் தலதா மாளிகையும் நினைவுக்கு வருவதுபோலப் படகு நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், இந்நகரத்தை மூன்று பக்கமும் மகாவலி கங்கை சூழ்ந்து ஓடுகின்றது. நகரத்தின் நடுவிலோ ஓர் அழகிய வாவி இருக்கின்றது. ஆண்டுதோறும் எசல பெரஹரா நிறைவெய்தியதும், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்னும் நான்கு தேவாலயங்களின் கப்புறாளைமார் கெட்டம்பே துறைக்குச் சென்று, படகேறி, ஆற்றின் நடுவே போய், வாளினால் நீரை வெட்டிக் குடங்களில் நீர் மொண்டு மீள்வர். அக்குடநீர் அடுத்த ஆண்டு வரை காக்கப்படும். கண்டியின் தலையாய விழாவே இவ்வாறு ஒரு படகின் துணைகொண்டுதான் முடிவடைகின்றது.

படகு இல்லாமையால் நேர்ந்த துன்பத்தையும் இவ்வாறு கண்டிருக்கின்றது. 1803ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கண்டியிற் சரணடைந்த ஆங்கிலப் படையினர் மேஜர் டேவி என்பவரின் தலைமையில் திருகோணமலை நோக்கிப் புறப்பட்டனர். வட்டப்புலுவத் துறையை அடைந்தபோது கங்கை பெருக்கெடுத்து ஓடியது, கடப்பதற்குப் படகில்லை. தெப்பம் கட்ட முயன்றும் பயனில்லாது கரையிலேயே தங்கிய அவர்களுட் பெரும்பாலோர் அங்கே கொல்லப்பட்டனர். பின்னர் 1833ஆம் ஆண்டில், பேராதனையில் முதிரை மரத்தால் 205 அடி நீளமுள்ள ஒரே வளைவுப் பாலம் அமைக்கப்பட்ட காலந்தொட்டு, ஆறு கடப்பதற்குப் படகை நம்பியிருக்கும் நிலை படிப்படியாகக் குறைந்தது.

ஆனால் படகு மறைந்துவிடவில்லை. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் அமைத்த வாவியில் உல்லாசப் படகில் ஏறிச் சுற்றிவந்தோர் பலர். 1976இல் பொல்கொல்லை அணை இயங்கத் தொடங்கிற்று. 1985இல் 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணை திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் இருந்த இடம் நீருள் அமிழ்ந்தது. நெல்லும் மரமும் நின்ற பள்ளத்தாக்கு, மீன் பிடிக்கும் நீர்நிலையாயிற்று. ஆகவே, மலைநாட்டவரும் படகைப் பற்றிச் சிறிது அறிந்திருப்பது இக்காலத்திற்குத் தேவையானதே.

படகைப் பற்றி அறியவேண்டியவை பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளலாம். அது மிகச் சிறியது. எனினும் உயிரோடு தொடர்புடையது. படகின் உடலிலே ஆணி அல்லது போல்ட் கொண்டு பொருத்தப்படும் உறுப்புகளைச் சுற்றி நீர் புகாதவாறு இடப்படும் அடைப்புப் பசையே அது. கடைகளில் இதனைச் சீலன்ட் என்பர். எந்தப் பொருத்துக்கு எந்தப் பசை ஏற்றது என்பதே கேள்வி.

முற்காலத்து மரப்படகு, பலகையும் பலகையும் கூடுகின்ற இணைப்புகளின் வழியாக ஒழுகியது. இக்காலத்துக் கண்ணாடியிழைப் படகோ ஒரே வார்ப்பாக அமைந்தது. அதற்கு இணைப்புகள் மிகக் குறைவு. அவ்வாறாயின் அது ஒழுகலாகாதன்றோ? ஒழுகத்தான் செய்கின்றது. ஏனெனில், மனிதன் அந்த முழு உடலிலே தன் தேவைக்காகத் துளைகள் இடுகின்றான். உள்ளே தேங்கும் மழைநீரை வடிப்பதற்கு அடியிலே ஒரு துளை. இயந்திரத்தின் விசிறித் தண்டு செல்வதற்கு ஒரு துளை. சுக்கானுக்கு ஒரு துளை. கைப்பிடிக் கம்பிக்கும், இருக்கைக்கும், கயிறு கட்டும் முளைக்கும் எண்ணற்ற சிறு துளைகள். படகு செய்தவன் மூடிவைத்த நீர்வழியை, படகை உடையவன் தானே திறந்துவிடுகின்றான் எனலாம்.

ஒரு சிறு துளை என்ன செய்யும் என்று சிலர் கருதக்கூடும். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். ஓர் அங்குல விட்டமுள்ள துளை, நீர்மட்டத்திற்கு ஓர் அடி கீழே திறந்திருக்குமாயின், அதன் வழியே நிமிடமொன்றுக்கு ஏறக்குறைய 40 லீற்றர் நீர் உட்புகும். பத்து நிமிடத்தில் அது 400 லீற்றராகும். அதன் எடை, வளர்ந்த மனிதர் அறுவரின் எடைக்கு நிகரானது. அறுவர் அமரத்தக்க படகிலே, கண்ணுக்குத் தெரியாத வேறு அறுவர் ஏறி அமர்ந்தது போன்ற நிலை அது. துளை முழுதும் திறவாமல், பொருத்தின் ஓரமாக நொடிக்கு ஒரு துளி மட்டும் கசிந்தாலும், ஒரு நாளில் 4 லீற்றருக்கு மேல் சேரும். கசிவு படகை உடனே மூழ்கடிப்பதில்லை. அது மரத்தை உளுக்கச் செய்யும்; ஆணியைத் துருப்பிடிக்கச் செய்யும்; ஒரு நாள் அந்த ஆணி கழன்றுவிடும்.

இத்தகைய துளைகளை அடைக்கும் கலை புதியதன்று. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைச் செலுத்தி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி இறுக்கும் தொழிலைத் தமிழ்நாட்டுக் கரையோரத்தார் கலப்பத்து என்பர். கண்டி நாட்டிலும் இதற்கு உறவான பொருள்களை நன்கறிந்த கைவினைஞர் வாழ்ந்தனர். இலங்கைக்கே உரிய ஹல் என்னும் மரத்தின் பிசினையும் தொரண மரத்தின் எண்ணெயையும் சேர்த்து, விகாரைகளின் ஓவியங்கள்மீது மெருகாகப் பூசினர். மாத்தளையைச் சேர்ந்த ஹப்புவித என்னும் ஊரில், வண்ண அரக்கை நகத்தினாலே இழையாக இழுத்து, கைத்தடி முதலியவற்றில் கோலமாகப் பதிக்கும் கலை புகழ்பெற்றது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908இல் வெளியிட்ட நூலிலே, கண்டி நாட்டுக் கைவினைகளை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கின்றார்.

அரக்கு, கைத்தடியில் நூறாண்டு நிற்கும். கடித உறையின் முத்திரையாகவும் உறுதியாக நிற்கும். அதே அரக்கைப் படகின் துளையில் இட்டால் என்னாகும்? சில நாளில் வெடித்துப்போகும். கைத்தடி அசைவற்றது. படகோ ஓயாது அசைவது. இயந்திரம் ஓடும்போது அதிர்கின்றது. மனிதர் ஏறும்போது வளைகின்றது. நண்பகல் வெயிலில் விரிந்து, கண்டியின் குளிர்ந்த இரவில் சுருங்குகின்றது. மரப்படகாயின் நீரிலிருக்கும்போது ஊதிப் பருத்தும், கரையேற்றி வைத்தால் உலர்ந்து ஒடுங்கியும் போகும். ஆதலால், படகில் இடப்படும் பசைக்கு முதற்கண் வேண்டிய குணம் கடினமன்று, நெகிழ்ச்சியே. தன்னைச் சேர்ந்த இரு பொருள்களும் விலகும்போது தானும் நீண்டு, அணுகும்போது தானும் ஒடுங்கி, ஒருபோதும் விட்டு விலகாதிருப்பதே நல்ல பசை. பழைய குங்கிலியத்தில் எண்ணெய் கலந்ததன் காரணமும் இதுவே.

இருபதாம் நூற்றாண்டில் வேதியியல் அறிஞர் இந்த நெகிழ்ச்சியைப் பல வழிகளில் அளித்தனர். அவற்றுள் முக்கியமானவை நான்கு.

முதலாவது பொலிசல்பைட்டு. 1920களில் அமெரிக்காவில் யோசேப் பற்றிக் என்னும் வேதியியலாளர் வேறொரு பொருளைத் தேடிய முயற்சியிலே தற்செயலாகக் கண்ட, கடுநாற்றமுள்ள இரப்பர் இதன் முன்னோடி. இது மரத்தோடும் உலோகத்தோடும் நன்கு ஒட்டும். நீருக்குள்ளும் நிலைத்து நிற்கும். தேவைப்படும்போது சிறிது முயற்சியுடன் பெயர்த்தெடுக்கவும் இயலும். மெதுவாகவே இறுகும் என்பது இதன் குறை. முழுதும் இறுகுவதற்குச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். மற்றொரு குறை மிகவும் கவனிக்கத்தக்கது. தெளிவான பிளாஸ்ரிக் பலகைகளையும் வேறு சில பிளாஸ்ரிக் வகைகளையும் இது அரித்து, வெடிக்கச் செய்யும்.

இரண்டாவது பொலியூரத்தேன். 1937இல் ஜேர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடன் பணியாற்றியோரும் கண்டுபிடித்த வேதியியல் முறையிலிருந்து பிறந்தது. காற்றிலுள்ள ஈரத்தைப் பருகியே இது இறுகுகின்றது. ஒட்டுந்திறனில் இதற்கு நிகர் அரிது. சில வகைகளை ஒட்டியபின் பிரித்தெடுக்க முயன்றால், பசை பிரியாது. படகின் மேற்பூச்சே உரிந்து வந்துவிடும். இறுகாத நிலையில் இது உடலுக்கும் தீங்கானது. கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்திலேயே கையாளவேண்டும்.

மூன்றாவது சிலிக்கன். இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் பேராசிரியர் கிப்பிங் இவ்வகைச் சேர்மங்களை நெடுங்காலம் ஆராய்ந்தார். எனினும், நடைமுறைப் பயன் பெரிதாக விளையும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 1940களில் அது பெருந்தொழிலாயிற்று. வெயிலையும் வெப்பத்தையும் இது எளிதில் தாங்கும், பிளாஸ்ரிக்கை அரிக்காது. ஆனால், இது பூசிய இடத்தில் வர்ணம் ஒட்டாது. துடைத்தெடுத்தபின்பும் அதன் வழுவழுப்பு நீங்குவதில்லை. பின்னர் வேறெந்தப் பசையும் அவ்விடத்தில் சரியாகப் பற்றாது. எப்போதும் நீருள் அமிழ்ந்திருக்கும் பொருத்துகளுக்கு இது ஏற்றதன்று.

நான்காவது பியூட்டைல் இரப்பர். நாடாவாகச் சுருட்டி விற்கப்படுவது. இது ஒருபோதும் இறுகுவதில்லை. பிசைந்த மாவைப்போல் என்றும் மென்மையாகவே இருக்கும். ஆதலால், நீர்மட்டத்திற்கு மேலே, மழைநீரும் தெறிக்கும் நீரும் மட்டும் படுகின்ற பொருத்துகளுக்கு மிகவும் வசதியானது. வேண்டும்போது எளிதிற் கழற்றலாம். எரிபொருள் படுமிடத்தில் இது கரைந்துபோகும். இவை நான்கும் அன்றி, ஜப்பானில் தோன்றிய கலப்புவகைப் பசைகளும் அண்மைக் காலத்தில் பரவியுள்ளன. அவை பொலியூரத்தேனின் ஒட்டும் இயல்பையும் சிலிக்கனின் வெயில் தாங்கும் இயல்பையும் ஓரளவுக்கு ஒருங்கே உடையவை.

இத்தனை வகைகளைக் கேட்டதும், இவற்றுள் மிகச் சிறந்தது எது என்று வினவத் தோன்றும். அந்த வினாவே தவறானது. வைத்தியரிடம் சென்று, எல்லா நோய்க்கும் சிறந்த மருந்து எது என்று கேட்பதற்கு அது ஒப்பாகும். கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. பொருத்து நீர்மட்டத்திற்குக் கீழே உள்ளதா, மேலே உள்ளதா? எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்கின்றது? என்றேனும் ஒரு நாள் அதனைக் கழற்ற வேண்டிவருமா?

கண்டி வாவியில் படகு வைத்திருக்கும் ஒருவரை மனத்திலே கற்பனை செய்துகொள்வோம். அவர் படகின் அடியிலே நீர் வடிக்கும் குழல் தளர்ந்துவிட்டது. கடைக்குச் செல்கின்றார். குளியலறைத் தொட்டியின் ஓரத்தில் பூசுகின்ற சிலிக்கன் குழாய் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. அதையே வாங்கிப் பூசிவிடுகின்றார். முதல் வாரம் ஒரு துளியும் கசியவில்லை. ஆயினும், அவ்வகைச் சிலிக்கன் பெரும்பாலும் இறுகும்போது வினாகிரி மணத்தை வெளியிடுவது. அதாவது ஓர் அமிலத்தை வெளிவிடுவது. அது செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பசையோ நீருள் நாளடைவில் பிடி தளரும். சில மாதங்களில், பிள்ளைகள் நிறைந்த ஒரு விடுமுறை நாளிலே அது விட்டுக்கொடுத்தால், குற்றம் நீரினுடையதா?

அனுபவம் கற்பித்த பாடத்தால், அடுத்த முறை அவர் மறு எல்லைக்குச் செல்கின்றார். கிடைப்பவற்றுள் மிக வலிய பொலியூரத்தேனை வாங்கி, அடிக்குழலுக்கு மட்டுமன்றி, கைப்பிடிக் கம்பிக்கும், இருக்கைக்கும், முன்புறத்துத் தெளிவான பிளாஸ்ரிக் பலகைக்கும் பூசிவிடுகின்றார். இனிக் கவலை இல்லை என்று எண்ணுகின்றார். ஓராண்டின் பின் ஒரு கம்பி வளைந்துவிட, அதனை மாற்றவேண்டி வருகின்றது. போல்ட்டைக் கழற்றியாயிற்று, கம்பி அசையவில்லை. உளியை இட்டு நெம்பினால், படகின் மேற்பூச்சு உள்ளங்கை அகலத்திற்குப் பெயர்ந்து வருகின்றது. பத்து நிமிட வேலை, பத்து நாள் வேலையாகின்றது.

முதற்பிழை குறைவினால் வந்தது. இரண்டாம் பிழை மிகுதியினால் வந்தது. இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே. பசையின் கடமை எது, போல்ட்டின் கடமை எது என்று பிரித்தறியாமைதான் அக்காரணம். பொருத்தைத் தாங்கிப் பிடிப்பது போல்ட்டின் வேலை. நீரைத் தடுப்பது பசையின் வேலை. தாங்கும் வேலையையும் பசையின் தலையிற் சுமத்தும்போதே வலியது வேண்டும் என்ற எண்ணம் எழுகின்றது. போல்ட் தக்க அளவினதாயும், அதன் உட்புறத்தில் அகன்ற தாங்குபலகை உடையதாயும் இருப்பின், பசை வலியதாக இருக்கவேண்டிய தேவையே இல்லை. ஏற்றதாக இருந்தாற் போதும்.

இவ்வாறு நோக்கினால் அந்தப் படகுக்காரருக்கு உரிய விடை எளிதிற் கிடைக்கும். நீர்மட்டத்திற்குக் கீழுள்ள உலோகக் குழலுக்குப் பொலிசல்பைட்டு அல்லது அளவான ஒட்டுந்திறனுள்ள பொலியூரத்தேன். பிளாஸ்ரிக் குழலாயின் பொலிசல்பைட்டைத் தவிர்த்து, அந்தப் பிளாஸ்ரிக்குக்கு ஏற்றது என்று குழாயின்மீது எழுதப்பட்ட பசை. கைப்பிடிக் கம்பிக்கும் கயிறு கட்டும் முளைக்கும் பியூட்டைல் நாடா. தெளிவான பிளாஸ்ரிக் பலகைக்கு அமிலம் வெளிவிடாத சிலிக்கன் அல்லது பியூட்டைல். இனி ஒருபோதும் பிரிக்கத் தேவையில்லாத இணைப்புக்கு மட்டுமே மிக வலிய பசை. ஒரே படகில் மூன்று வகைப் பசைகள் வேண்டியிருப்பது வீண் செலவன்று.

தேர்ந்த பசையும் பூசும் முறையறியாதார் கையிற் பயன் தராது. முதலில், பழைய பசை முழுவதையும் சுரண்டி எடுக்கவேண்டும். பழையதன்மேல் புதியதைப் பூசுவது அழுக்கின்மேல் சுண்ணாம்பு அடிப்பது போன்றது. பின்னர் அசற்றோன் போன்ற கரைப்பானால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, நன்கு உலரவிடவேண்டும். கண்டியில் மழை ஓய்ந்த மறுகணமே மேற்பரப்பு உலர்ந்ததுபோலத் தோன்றும். துளையின் உட்புறமோ ஈரமாகவே இருக்கும். ஆகவே, வெயிலுள்ள ஒரு நாள் பொறுத்திருப்பது நன்று. துளையின் வாயை மேற்புறத்தில் சற்றே சரிவாகக் குடைந்துவிட்டால், அந்தச் சரிவில் தங்கும் பசை போல்ட்டின் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக அமையும். அந்த வளையமே நீரைத் தடுக்கும் உண்மையான காவல்.

பசையைத் துளையைச் சுற்றியும் போல்ட்டின் தலைக்குக் கீழும் தாராளமாக இடவேண்டும். இறுக்கும்போது போல்ட்டைத் திருப்பாமல் உள்ளே இருக்கும் நட்டையே திருப்பவேண்டும்; போல்ட்டைத் திருப்பினால் பசை அறுந்துபோகும். பொருத்தின் விளிம்பெங்கும் பசை பிதுங்கி வெளிவந்ததும் நிறுத்திவிடவேண்டும். முழு வலிமையோடு இறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி, உலோகத்திற்கும் படகிற்கும் இடையே ஒன்றும் எஞ்சாது. இறுக இறுக உறுதி என்பது இவ்விடத்திற் பொருந்தாது. பசை இறுகுவதற்கு வேண்டிய காலத்தைக் குழாயிற் கண்டவாறு கொடுத்த பின்னரே படகை நீரில் இறக்கவேண்டும். நாளை விடுமுறை, இன்றே இறக்கவேண்டும் என்னும் அவசரத்தால் கெட்ட பொருத்துகள் அநேகம்.

வாங்கும்போது காலாவதித் திகதியைப் பார்ப்பதும் மறக்கலாகாது. ஈரத்தால் இறுகும் பசை, திறந்த குழாயில் நெடுநாள் தங்காது. மலைநாட்டு ஈரக்காற்றில் இன்னும் விரைவிலே கெட்டுவிடும். மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கென்று வைத்திருப்பது சிக்கனமன்று. அடிப்பொருத்தின் உலோகமும் நல்லதாயிருத்தல் வேண்டும். சாதாரணப் பித்தளையிலுள்ள துத்தநாகம் நீரில் நாளடைவில் நீங்கி, அதனைப் பொடியும் தன்மையதாக்கும். வெண்கலம் நெடுங்காலம் நிற்கும். கெட்ட உலோகத்தைச் சிறந்த பசையாலும் காக்க முடியாது.

இவையெல்லாம் படகுத் தொழிலாளர்க்கு மட்டும் உரிய செய்தி என்று நேயர்கள் ஒதுக்கிவிடலாகாது. வாவியிலோ நீர்த்தேக்கத்திலோ படகில் ஏறும் ஒவ்வொருவரும் இதிலே பங்குடையவர். ஏறுமுன் படகின் அடியில் நீர் தேங்கியிருக்கின்றதா என்று ஒருமுறை குனிந்து பார்ப்பதில் நாணம் வேண்டியதில்லை. அந்த நீர் மழையால் வந்ததா, கசிவால் வந்ததா என்று படகோட்டியைக் கேட்பதிலும் தவறில்லை. நல்ல படகோட்டி அக்கேள்விக்கு முகம் சுளிப்பதில்லை; தானே காலையில் படகின் அடியைத் தடவிப் பார்த்திருப்பான்.

ஒரு கருத்தை மட்டும் மனத்திற் கொள்வது போதும். படகின் பொருத்துக்குப் பசையைத் தேர்பவன், ஒட்டும் நாளை மட்டும் எண்ணினால் போதாது. அது நீரில் கிடக்கும் நாள்களையும், என்றேனும் கழற்றவேண்டி வரும் நாளையும் சேர்த்து எண்ணவேண்டும். கெட்டம்பேயிலே ஆற்றின் நடுவே போகும் படகும், வாவியிலே பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் படகும், விக்டோரியா நீர்த்தேக்கத்தில் விடியுமுன் வலை வீசச் செல்லும் படகும் பத்திரமாகக் கரை சேர்வது, கரையிலிருந்தபோதே ஒருவன் பொறுமையோடு செய்துவைத்த அந்தச் சிறு வேலையினாலேயே ஆகும்.